பூபதி மச்சானின் நாற்பத்து நாலு பர்சென்ட் தூக்கம்

என் அக்கா வீட்டுக்காரர் பூபதி மச்சான் தூங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். மற்றவர்கள் மகன் அமெரிக்காவில் இருப்பதைச் சொல்கிற தோரணையில் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாரென்றே தெரியாவிட்டாலும் சரி, ரசம் வருவதற்குள் விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். "நாம தூங்கிப் பதினோரு வருசமாச்சுங்க" என்பார். அந்த ஆள் எடுத்த கவளத்தை அப்படியே நிறுத்திவிட்டு "அடடா" என்பார். மச்சானுக்கு அந்த அடடா போதும், பாயசம்கூட வேண்டாம்.

புதுச்சத்திரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் அவருடைய கோழிப்பண்ணை இருக்கிறது. இரண்டு ஷெட், இருபத்து நாலாயிரம் முட்டைக்கோழி. முதல் ஷெட் வீட்டை ஒட்டியே இருக்கிறது, இரண்டாவது கிணற்றுக்கு அந்தப் பக்கம். நான் குமரகுரு, நாமக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விடுகிறவன் என்பதால் மச்சான் பார்வையில் நான் கொஞ்சம் மட்டமான பிறவி.

தூங்காத மனிதரால் ஊருக்கு உபகாரம் நிறைய. யாராவது செத்துப்போனால் விடியும்வரை பிணத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார பூபதி இருக்கிறார். சேலம் ஜங்ஷனுக்கு மூன்று மணி ரயிலில் மருமகள் வருகிறாளா, அழைத்து வரவும் பூபதிதான். "அவரு எப்படியும் முழிச்சுட்டுத்தான இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். இப்படி ஒரு ஊரே நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரு மனிதர் காரணமாக இருந்தார்.

அக்கா ஸ்ரீதேவியைப் பார்த்து மட்டும் யாரும் அடடா சொன்னதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஒருதரம், மூன்று மணிக்கு ஒருதரம் மச்சான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றிப் பார்க்கப் போவார். போகும்போதும் வரும்போதும் "தூங்கிட்டயா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்பாள் அக்கா. தூங்குகிறவளை எழுப்பி, தூங்கிவிட்டாயா என்று விசாரிக்கிற ஆள் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவர்தான் என்று நான் கேலி செய்வேன். அக்கா சிரிக்க மாட்டாள். நகைச்சுவை போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பகல் தூக்கம். 2014-ல், அக்கினி நட்சத்திர வெயில். இரண்டு நாள் ராப்பகலாக முட்டை லோடு ஏற்றிவிட்டு வந்த மச்சான், மத்தியானச் சோறு தின்றதும் கட்டிலில் சாய்ந்தார். பண்ணையாட்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஷெட்டுக்குள் தண்ணீரைப் புகையாகத் தெளித்துச் சூட்டைத் தணிக்கிற ஃபாகர் நின்றது, மின்விசிறிகள் நின்றன. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிறகு அதுவும் நிற்கும். மச்சான் தானாக எழுந்து ஜெனரேட்டரைப் போட்டபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதல் ஷெட்டில் மூவாயிரம் கோழிக்கு மேல் செத்துக் கிடந்தன. ஜேசிபி வைத்துக் குழி தோண்டினோம். மச்சான் அழவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கூடையாக எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அதனால் அதற்குமேல் கேலி செய்யவும் முடியவில்லை.

ஆனால் பதினோரு வருஷம் கேலி செய்யாமல் இருக்க நான் என்ன மகானா? அன்றிலிருந்து அவர் கண்ணை மூடினால் கோழி சாகும் என்று அவருக்குள் ஒரு சட்டம் எழுதப்பட்டுவிட்டது. மார்கழி மாதம், பனி கொட்டுகிறது, கோழியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குளிரில் சுருண்டிருக்கின்றன. அந்த நேரத்திலும் மச்சான் மப்ளர் கட்டி, டார்ச் அடித்து, ஏதாவது கோழிக்கு வெயில் தாக்கியிருக்கிறதா என்று கூண்டு கூண்டாகப் பார்ப்பார். பிற்பாடு தானாக ஓடுகிற ஜெனரேட்டரும் வாங்கிப் போட்டாயிற்று. அது ஓடுமா என்ற கவலையில் தூக்கம் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஜாதிக்காய் அரைத்துக் குடித்தார், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார், கட்டிலைத் தெற்கு பார்க்கத் திருப்பினார். பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன், ஜேடர்பாளையம் அணையில் தலை முழுகினால் மூளைச்சூடு இறங்கும் என்றார். நானே வண்டி ஓட்டிக் கூட்டிப்போனேன். மச்சான் முழுகினார், வறுத்த மீன் தின்றார், நான் மர நிழலில் இரண்டு மணி நேரம் அருமையாகத் தூங்கினேன். மூளைச்சூடு யாருக்கோ இறங்கியது என்ற அளவில் அந்தப் பயணம் வெற்றிதான். நாமக்கல்லில் ஒரு டாக்டர் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். மாத்திரை போட்டால் தூங்கிவிடுவோமே என்ற பயத்தில் மச்சான் அதைப் போடவே இல்லை.

இந்தப் புரட்டாசி பிறந்த வாரம் அக்கா என் கடைக்கு வந்தாள். எப்போதும் கையில் ஏதாவது தின்பண்டம் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெங்களூர் பஸ்ஸில் டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாள். மகள் அபிநயா அங்கே இருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"சண்ட போட்டுட்டுப் போகலடா. தூங்கப் போறேன்" என்றாள். "அங்க போயித் தூக்கம் வந்துச்சுன்னா திரும்பி வரமாட்டேன்."

இதைக் கேட்டபிறகு எனக்கு அன்று ராத்திரி படுத்துப் பத்து நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை அது சரித்திரம். மறுநாளே விசாரித்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தூக்கம் வராதவர்களுக்குப் பேச்சிலும் பழக்கத்திலுமே வைத்தியம் பார்க்கிற மனநல ஆலோசகர் பிரீத்தி என்பவரிடம் சனிக்கிழமை தோறும் நேரம் வாங்கினேன். புரட்டாசியில் முட்டை ஓடாது, அதனால் மச்சானுக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை. வண்டி நான்தான் ஓட்டினேன். பதினோரு வருஷம் தூங்காதவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

பிரீத்திக்கு முப்பது வயது இருக்கும். மச்சான் ஒரு அட்டை முட்டையோடு உள்ளே போனார். அந்த அம்மா அதை வாங்க மறுத்துவிட்டதால் வாட்ச்மேனுக்கு யோகம். மச்சான் தன் பதினோரு வருஷத்தைச் சொல்லிவிட்டு அடடாவுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பதினோரு வருஷம் ஒருவர் துளியும் தூங்காமல் உயிரோடு இருக்க முடியாது சார், ஏதோ கொஞ்சம் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், எவ்வளவு என்று முதலில் எழுதிப் பார்ப்போம் என்று ஒரு தாளை நீட்டினார். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எத்தனை தரம் விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று தினமும் காலையில் நிரப்ப வேண்டும். வெளியே வந்ததும் மச்சான், இந்தப் புள்ளைக்கு அனுபவம் பத்தாது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் எழுதினார். பண்ணைக்காரருக்குத் தாளைக் கொடுத்தால் எழுதாமல் இருக்க முடியாது. ஷெட் ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை. அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளைப் பிரீத்தி இரண்டு தரம் படித்தார். மச்சான் அவருடைய கட்டங்களோடு தன் கட்டங்களையும் சேர்த்திருந்தார். மொத்த எண்ணிக்கை: ஒன்று. தீவனம்: நார்மல். இறப்பு: இல்லை.

படுக்கையில் கிடந்தது எட்டு மணி நேரம், தூங்கியது சராசரி மூன்றரை மணி என்று கணக்கு வந்தது. ஆக, படுக்கையில் இருந்த நேரத்தில் தூக்கம் நாற்பத்து நாலு பர்சென்ட், அதை எண்பத்தைந்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் பிரீத்தி. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல்முறையாக அந்த அம்மா மனுஷ பாஷை பேசியிருக்கிறார். நூறு கோழிக்கு எத்தனை முட்டை என்கிற பர்சென்ட்டில்தான் அவர் முப்பது வருஷமாக மூச்சு விடுகிறார்.

"நாப்பத்து நாலுக்கு ஒரு கோழி இருந்துச்சுன்னா மறுநாளே கறிக்குக் கேரளா வண்டில ஏத்திருவேனுங்க" என்றார், தன்னைப் பற்றியே.

ஏற்ற வேண்டாம், படுக்கிற நேரத்தைக் குறைப்போம் என்றார் பிரீத்தி. ராத்திரி பன்னிரண்டரைக்கு முன்னால் படுக்கக் கூடாது, காலை ஐந்தரைக்கு எழுந்தே தீர வேண்டும். படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரளக் கூடாது, எழுந்து கூடத்தில் உட்கார்ந்து சப்பென்று எதையாவது படிக்க வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்பக் கட்டிலுக்கு வர வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. பகலில் ஒரு நிமிஷமும் கண்ணசரக் கூடாது. தூக்கம் வராதவனுக்குத் தூங்குகிற நேரத்தைக் குறைப்பது என்ன வைத்தியம் என்று எனக்குக் கோபம் வந்தது. மச்சானுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. முட்டை குறைந்த கிழட்டுக் கோழிக்குத் தீவனத்தைக் குறைத்து, இறகை உதிரவிட்டு, மறுபடி முட்டை விடவைக்கிற முறையை அந்த அம்மாவுக்கே விளக்கினார். இப்போதெல்லாம் கோழியை அப்படிப் பட்டினி போடக் கூடாது என்கிறார்கள், மனிதனுக்கு மட்டும் போடலாம் போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

சப்பென்ற புத்தகத்துக்கு எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட அவருக்கு ஒரு வாரம் ஆனது. அந்தச் சங்கத்தால் ஓர் உறுப்பினருக்கு நன்மை கிடைத்து நான் பார்த்தது அதுதான்.

கவலைப்படுவதற்கும் நேரம் ஒதுக்கினார் பிரீத்தி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து கவலையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூடிவைத்துவிட வேண்டும், ராத்திரி வந்து எட்டிப் பார்க்கும் கவலையை நாளைக்கு ஆறு மணிக்கு வா என்று அனுப்பிவிட வேண்டும். மச்சான் கரண்ட், ஜெனரேட்டர், பாம்பு, மக்காச்சோள விலை, பறவைக்காய்ச்சல் என்று முதல் வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டைத் தீர்த்தார். கடைசிப் பக்கத்தில் 'நோட்டு தீர்ந்துவிட்டது' என்றும் ஒரு கவலை.

மூன்றாவது சனிக்கிழமை அந்த விஷயம் நடந்தது. தூக்கம் வராமல் எழுந்தால் கூடத்தில் உட்காருகிறீர்களா என்று பிரீத்தி கேட்க, இல்லை, டார்ச்சோடு ஷெட்டைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினோரு வருஷமாக என்றார். பிரீத்திக்கு முட்டை பப்ஸுக்கு அப்பால் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ராத்திரியில லைட் அடிச்சா கோழிங்க முழிச்சுக்காதா சார்?"

"முழிச்சுக்குமுங்க" என்று சொன்ன பிறகுதான் தன் வார்த்தை மச்சானுக்கே கேட்டது. முட்டைக்கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் கும்மிருட்டு. நடுவில் கலைத்தால் மிரளும், ஒன்றையொன்று கொத்தும், முட்டை குறையும். இது பண்ணையில் நேற்றுச் சேர்ந்த ஆளுக்கும் தெரியும். ஒருதரம் விளக்கை இருபது நிமிஷம் தாமதமாக அணைத்த ஆளிடம் மச்சான் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். வீட்டை ஒட்டிய முதல் ஷெட் மட்டும் பதினோரு வருஷமாக மற்றதைவிட ஐந்து பர்சென்ட் குறைவாகவே முட்டை விட்டுக்கொண்டிருந்தது. தீவனத்தை மாற்றினார், தண்ணீரைச் சோதித்தார், வாஸ்து பார்த்து வாசலை இடித்துக் கட்டினார், திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார். பூசணிக்காய்க்குக் கீழே தினமும் இரண்டு வேளை டார்ச் அடித்துக்கொண்டு போனது யார் என்று மட்டும் பார்க்கவில்லை.

மல்லூர் தாண்டும்வரை காரில் மச்சான் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "அஞ்சு பர்சென்ட்டு, மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

அன்றோடு டார்ச் பீரோவுக்குள் போனது. மூன்று வாரத்தில் முதல் ஷெட் எண்பத்து நாலிலிருந்து எண்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. கோழிகளுக்குப் பூரண குணம். மனிதருக்குத்தான் பாக்கி. அவரும் நாற்பத்து நாலிலிருந்து எழுபது வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார். ஷெட்டுக்குப் போவதில்லையே தவிர, படுத்தபடி காதால் காவல் காத்தார். விசிறிச் சத்தம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பவருக்கு எங்கே தூக்கம் வரும்? பக்கத்தில் திரும்பி "தூங்கிட்டயா?" என்று கேட்பதும் நிற்கவில்லை. அக்காவின் துணிப்பை கட்டி முடிந்து பீரோ மேல் இருந்தது.

ஆறாவது சனிக்கிழமைக்கு வீட்டாரும் வரலாம் என்று பிரீத்தி சொன்னதால் மூவரும் போனோம். மறுநாள் ராத்திரி பெங்களூர் பஸ். அன்றைக்கு அந்த அம்மா மச்சானிடம், தூங்கினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். மச்சான் சுற்றி வளைக்கவில்லை. தான் தூங்கியதால் கோழி செத்தது என்றார். தன்னைத் தவிர அந்த வீட்டில் அன்று கவனித்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்.

"நான் முழிச்சுட்டுத்தானுங்க இருந்தேன்" என்றாள் அக்கா.

மச்சான் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல் மேஜை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கரண்டு போனது எனக்குத் தெரியும். எழுப்பலாம்னு கிட்ட வந்தேன். ரெண்டு நாளாத் தூங்காத மனுசன், அசந்து தூங்கறீங்க. எப்பவும் பத்து நிமிசத்துல வந்துருமே, அதுவரைக்கும் தூங்கட்டும்னு உட்டுட்டேன். உங்களுக்கு வேர்க்குதுன்னு விசிறியெடுத்து விசிறிட்டு உக்காந்திருந்தேன்."

அங்கே மூவாயிரம் கோழி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் என் அக்கா இங்கே உட்கார்ந்து ஒரு மனிதருக்கு விசிறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தூங்கிட்டயா தூங்கிட்டயான்னு இத்தன வருசமாக் கேக்கறீங்க. இல்லீங்கன்னு சொல்றேன். நெசமாத்தானுங்க சொன்னேன்" என்றாள்.

அந்த இடத்தில் என் கேலியெல்லாம் எனக்கே திரும்பி வந்து உறைத்தது. பதினோரு வருஷமாக ஒரு வீட்டில் இரண்டு பேர் தூங்கவில்லை, நாங்கள் எல்லோரும் ஒருவருக்கு மட்டும் அடடா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அவளுக்காக நேரம் வாங்க வேண்டும் என்று கூடப்பிறந்த எனக்கே தோன்றவில்லை. பிரீத்தி அந்தத் தூக்கத் தாளில் இன்னொன்றை எடுத்து அக்காவுக்கு முன்னால் வைத்தார். அதைச் சட்டென்று எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டது மச்சான்தான்.

திரும்பி வரும்போது இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். வெளியே நல்ல வெயில். மச்சான் அக்கா பக்கம் திரும்பினார்.

"அந்த வெயிலுக்கு, நீ எழுப்பியிருந்தாலும் பாதி போயிருக்கும் தேவி."

இது பொய். எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? கரண்ட் போன பத்து நிமிஷத்துக்குள் ஜெனரேட்டரைப் போட்டிருந்தால் நூறுகூடச் செத்திருக்காது. அந்தக் கணக்கைத்தான் அவர் பதினோரு வருஷம் ராத்திரி ராத்திரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு முட்டையைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனிதர் அவளுக்காக ஆயிரத்து ஐந்நூறு கோழியைத் தள்ளுபடி செய்தார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் அதற்குமுன் வந்ததில்லை.

ஆண்டகளூர் கேட் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். மச்சான் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன், ஹாரன் அடிக்காமல் லாரிகளுக்கு வழிவிட்டேன். பகல் தூக்கம் கூடாது என்பது சட்டம்தான், இருந்தாலும் பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது, முந்தானையால் ஒற்றினாள். பிறகு தோளைப் பிடித்து ஒரே உலுக்காக உலுக்கினாள்.

"எந்திரிங்க. மணி ரெண்டேகாலு."

மச்சான் அலறிப்புடைத்து எழுந்தார். "இப்பத்தான் கண்ணசந்தேன், ஏம்புள்ள எழுப்புன?" என்று சிடுசிடுத்தார். பதினோரு வருஷத்தில் அவர் சொல்ல வாய்ப்பே கிடைக்காத வாக்கியம் அது.

"ராத்திரிக்குத் தூக்கம் வேணுமில்லீங்க" என்றாள் அக்கா. "அன்னைக்கும் இப்படி எழுப்பியிருக்கோணும்."

மச்சான் பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு வரும்வரை விழித்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவை பஸ் ஏற்ற எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் காலை ஏழரைக்கு அவள் நம்பருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே மச்சான் எடுத்தார். வழக்கமாக என்னிடம் அரைமணி நேரத்துக்குக் குறைந்து பேசாதவர், ரகசியம் போலப் பேசினார்.

"உங்கக்கா தூங்கறா மாப்ள. அப்பறமாக் கூப்புடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.